ரெண்டு பொட்டு

1

இந்தக் கதை ஒரு ஸ்டிக்கர் பொட்டிலிருந்து பிறந்தது. அரக்கு நிறம், சுண்டுவிரல் நகத்தளவு, நீடாமங்கலம் கடைத்தெருவில் அட்டையாக வாங்கியது. அந்தப் பொட்டு இல்லையென்றால் இந்தக் கதையை நான் வேறு மாதிரி எழுதி, வேறு ஆள் தலையில் கட்டி, நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இதுவரை பன்னிரண்டு கதை எழுதியிருக்கிறேன். ஒன்றுக்கும் கை இப்படிப் பரபரத்ததில்லை. காலையிலிருந்து மூன்று டம்ளர் காபி ஆயிற்று. இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் என் அண்ணன் ராஜ்குமாருக்கு விடுமுறை. நான் எதை எழுதினாலும் முதலில் அவனுக்குத்தான் அனுப்புவேன். அவன் வெள்ளிக்கிழமை காலையில் படித்துவிட்டுப் போன் செய்வான். "ஜெயா, கதை பிரமாதம். ஆனா ஆடியில நெல்லு பழுத்துச்சுன்னு எழுதியிருக்கியே, எந்த ஊர்ல?" என்பான். எதையும் விடமாட்டான்.

ஆக, எனக்கு இரண்டு நாள் இருக்கிறது.

வழக்கம்போல் ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஒரே ஒரு பெயரைத் தவிர. அது எது, ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

தொடக்கம் (அ):

"வேதாரண்யத்தைத் தாண்டி, உப்பளங்களுக்கு நடுவே, வெள்ளை வண்டி ஒன்று புகைந்துகொண்டு நின்றது. உச்சி வெயில். உள்ளேயிருந்து இறங்கியவர்கள்—"

[விட்டாயிற்று. வண்டி நின்ற இடத்திலிருந்து ஆரம்பித்தால், அது ஏன் நின்றது என்பதைச் சொல்லாமலே கதையை ஓட்டிவிடலாம். அதற்காகத்தான் அங்கே ஆரம்பித்திருக்கிறேன். என் புத்தி எனக்குத் தெரியாதா?]

தொடக்கம் (ஆ):

"ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி சூடேறுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முதலாவது—"

[இது கட்டுரை. அண்ணன் கொட்டாவி விடுவான். ஆனாலும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பிறகு புரியாது. இந்த வண்டியில் கிளட்சு மிதிக்கும் வேலை கிடையாது. கியர் தானாக மாறும். உள்ளே இருக்கும் ஆயில்தான் எல்லாப் பாட்டையும் படுகிறது. பட்ட பாட்டில் கொதிக்கிறது. கொதித்த ஆயில் வண்டியின் முன்பக்கம் இருக்கும் சின்ன ஜல்லடை போன்ற கூலருக்குப் போய், காற்றுபட்டு ஆறித் திரும்புகிறது. ஆறவில்லை என்றால் ஓட்டுகிறவருக்கு எதிரே ஆரஞ்சு நிற விளக்கு ஒன்று எரியும். அவ்வளவுதான். காற்றுப் போக வேண்டும், விளக்குத் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.]

தொடக்கம் (இ):

"இராஜாங்கம் நல்லவன்."

இதில் நான்கு நாள் இருந்தேன்.

3

இராஜாங்கம் நல்லவன். அண்ணன் வெளிநாட்டில் இருக்கும்போது அவனுடைய பதினான்கு வருஷத்து வண்டியைப் பார்த்துக்கொள்ள அமர்த்திய ஆள். வாரம் ஒருமுறை துடைப்பான். பதினைந்து நாளுக்கொருமுறை மன்னார்குடி வரை ஓட்டிவிட்டு வருவான். பரோட்டா என்றால் உயிர். ஒரு கடைவாய்ப்பல் சொத்தை. ஒருநாள் களத்தில் உளுந்து கிடக்கும்போது மழை கட்டிக்கொண்டு வந்தது, டிராக்டர் வரவில்லை. இராஜாங்கம் யோசிக்காமல் வண்டியை எடுத்து உளுந்தின்மேல்—

[இந்த இடத்தில் பேனா நின்றது. கண்ணாடியைக்கூட வெள்ளைத் துணியால் துடைக்கிறவன் இப்படிச் செய்வானா? சரி, செய்வான் என்றே வைத்துக்கொண்டேன். அடுத்து ஆரஞ்சு விளக்கு எரிய வேண்டும், அதன்மேல் பொட்டு ஒட்ட வேண்டும். இராஜாங்கத்திடம் ஏது பொட்டு?]

ஆகவே அவனுக்கு அவசரமாக ஒரு கல்யாணம் செய்துவைத்தேன். மனைவி பெயர் மலர்க்கொடி. அவளை வண்டியில் ஏற்றி முன் இருக்கையில் உட்காரவைத்தேன். விளக்கு எரிந்தது. "மலர்க்கொடி நெற்றிப் பொட்டை எடுத்து" என்று எழுதினேன். அந்த வரியிலேயே அவள் திரும்பி என்னை முறைத்தாள்.

"ஏங்க, வண்டியில வெளக்கு எரிஞ்சா நிறுத்துவாங்களா, மறைப்பாங்களா? எனக்கு அந்த அறிவுகூட இல்லைன்னா எழுதுறீங்க?"

அவளுக்கு இருந்தது. எனக்குத்தான் இல்லாமல் போயிற்று.

அன்று சாயங்காலம் இரண்டு பேரையும் கதையிலிருந்து அடித்துவிட்டேன். தப்பு நடந்தால் கைகாட்டக் கூலிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பிறப்பதற்கு முன்பே அந்த மனிதன்மேல் பழியைப் போட்டிருக்கிறேன். இராஜாங்கம், மன்னித்துக்கொள். உன் சொத்தைப் பல்லையும் எடுத்துக்கொண்டு போ.

4

சரி. நான்தான்.

வண்டியை அண்ணன் என்னிடம்தான் விட்டுவிட்டுப் போனான். கிளட்சு இல்லாததால் நான் ஓட்டக் கற்றுக்கொண்டதே அதில்தான். பங்குனி கடைசி. நான் குத்தகைக்கு எடுத்திருக்கும் மூன்று மா நிலமும் (ஏறக்குறைய ஓர் ஏக்கர்), பக்கத்து வயல் நாகம்மாள் அக்கா சொந்தமாக வாங்கிய மூன்று மாவும் சேர்ந்து ஆறு மா உளுந்து. பிடுங்கிக் காயவைத்து ஒரே களத்தில் கிடந்தது. அடித்துத் தருகிறேன் என்ற டிராக்டர்காரர் போனை அணைத்துவிட்டார். இரண்டு மணிக்குத் தென்கிழக்கே வானம் கறுத்தது.

செடியாக இருந்தால் மலையளவு. எங்களிடமிருந்த தார்ப்பாய் கால்வாசியைத்தான் மூடும். அடித்துவிட்டால் உளுந்து ஒரு குவியலாக அடங்கிவிடும். நனைந்தால் மூன்று மாதப் பாடும் முளைவிட்டுப் போகும்.

"என்னடி பண்றது ஜெயா?" என்றார் நாகம்மாள் அக்கா. (முதல் பிரதியில் "உங்க அண்ணன் வண்டி இருக்குல்ல?" என்று அவர் கேட்டதாக எழுதியிருந்தேன். பொய். அவர் கேட்கவில்லை. யோசனை என்னுடையது.)

வண்டியைக் கொண்டுவந்து களத்தில் இறக்கினேன். முழங்கால் உயரத்துக்கு உளுந்துச் செடி. ஏற்றினேன். சடசடசடவென்று காய் வெடித்தது பாருங்கள், அந்தச் சத்தம்! வட்டமாகச் சுற்றினேன். பின்னால் வந்தேன். திரும்பவும் சுற்றினேன். பெண்கள் ஆறு பேர் கொக்கியால் செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே ஓடினார்கள். நாகம்மாள் அக்கா நடுவில் நின்று போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கை காட்டினார்.

"இன்னும் ஒரு சுத்து! அந்த ஓரத்துல விடு! ஏய், வளைச்சு விடுடி!"

மூன்று மணி நேரம். ஏசியைப் போட்டுக்கொண்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு, ராணி மாதிரி. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இதை மறைத்தால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும், அதனால் எழுதிவைக்கிறேன்.

இரண்டாம் மணி நேரத்தில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. கதவு சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான்கு கதவையும் இறங்கி இறங்கி அறைந்து சாத்தினேன். விளக்குப் போகவில்லை. கருகல் வாடை வந்தது. யாரோ குப்பையைக் கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். விளக்கு மட்டும் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. வானம் வேறு முழங்கியது. நெற்றியிலிருந்து பொட்டைப் பிய்த்து அதன்மேல் ஒட்டினேன். கச்சிதமாக மூடிக்கொண்டது.

ஐந்து மணிக்கு மேல் முதல் துளி விழுந்தபோது, அடித்ததைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டோம். எல்லாரும் தொப்பலாக நனைந்தபடி சிரித்தோம். நாகம்மாள் அக்கா வண்டியின் மூக்கைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல. அது கொதித்துக்கொண்டிருந்தது. "காய்ச்சல் அடிக்குதுடி இதுக்கு" என்றார். அதற்கும் சிரித்தோம்.

5

இப்போது நௌஷாத் வர வேண்டும்.

நீடாமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். கோயம்புத்தூரில் நாற்பது நாள் தங்கி ஆட்டோமேட்டிக் வண்டி வேலை கற்றுக்கொண்டு வந்து, "ஆட்டோ கியர் ஸ்பெஷலிஸ்ட்" என்று புதுப் போர்டு மாட்டினார். முதல் வாரம் வந்தவை மூன்றும் ஆட்டோரிக்‌ஷா. அதற்காக அவர் போர்டை மாற்றவில்லை. அந்த மூன்று ஆட்டோவையும் சரிசெய்து அனுப்பினார். போகப்போக வெளிநாட்டுக்காரர்கள் வீட்டு வண்டிகள் வரத் தொடங்கின.

அண்ணன் லீவில் வருவதற்குமுன் வண்டியை சர்வீஸ் செய்யச் சொன்னான். நௌஷாத்திடம் விட்டேன். பழைய ஆயிலை விரலில் தொட்டு மோந்து பார்த்தார்.

"கருகியிருக்குக்கா. ரொம்ப சூடு ஏறியிருக்கு. வண்டியில எதையும் கட்டி இழுத்தீங்களா?"

"இல்லையே தம்பி. மன்னார்குடிக்கும் வீட்டுக்குந்தான்."

"வெளக்கு எதும் எரிஞ்சுதா?"

"எந்த வெளக்கு?"

அவர் என்னை நம்பினார். வெறும் வயசான ஆயில் என்று நினைத்துப் புது ஆயில் ஊற்றினார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் முன்பக்கத்தைக் கழற்றிக் கூலரைப் பார்த்திருப்பார்.

அண்ணன் வந்தான். வண்டியில் ஏறியதும் பொட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"பீரோ கண்ணாடி பத்தலைன்னு இங்கயும் ஒட்டிட்டியா?"

நம் வீட்டுப் பெண்கள் குளித்துவிட்டுப் பொட்டைக் கண்ணாடியில் ஒட்டுவார்கள், குளியலறைக் கதவில் ஒட்டுவார்கள், கட்டிலின் தலைமாட்டில் ஒட்டுவார்கள். அதனால் அவனுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. தங்கச்சி பொட்டு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான். அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதே எனக்கு அப்போது மறந்துபோயிருந்தது, சத்தியமாக.

[நான் "சத்தியமாக" என்று எழுதும் இடங்களைச் சந்தேகியுங்கள். பாதி ஞாபகம் இருந்தது.]

6

மே மாதம். கோடியக்கரைக்கு மான் பார்க்கப் புறப்பட்டோம். அண்ணன் ஓட்டினான், குந்தவை அண்ணி முன்னால், நானும் இரண்டு பிள்ளைகளும் பின்னால். வேதாரண்யம் தாண்டி உப்பளம் வந்ததும் எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. பிறகு வாடை. பிறகு புகை.

அண்ணன் நௌஷாத்துக்குப் போன் போட்டான். "தண்ணி ஊத்தாதீங்கண்ணே. நியூட்ரல்ல போட்டு எஞ்சினை ஓட விடுங்க, தானா ஆறட்டும். நான் வரேன்" என்றார். இரண்டு மணி நேர வெயிலில் பைக்கில், பின்னால் ஆயில் கேன்களைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளும் உப்பளத்துக் கொட்டகை நிழலில் இருந்தார்கள். நான் மட்டும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

நௌஷாத் முன்பக்கம் குனிந்து, டார்ச் அடித்து, விரலை விட்டு எதையோ நோண்டினார். நிமிராமலே மெதுவாகச் சொன்னார்:

"அக்கா, பாத்துட்டேன். எல்லாம் பொட்டு பண்ணுன வேலை."

எனக்கு உயிரே போய்விட்டது. முன்னால் குனிந்திருக்கிற மனிதருக்கு உள்ளே விளக்கின்மேல் இருக்கும் பொட்டு எப்படித் தெரிந்தது? யோசிக்கவில்லை. தண்ணீர் பாட்டில் எடுப்பதுபோல் உள்ளே பாய்ந்தேன். நகத்தால் பொட்டைப் பிய்த்தேன். அடியில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையில் பொட்டு. அண்ணன் கொட்டகையிலிருந்து வந்துகொண்டிருந்தான். எங்கே போடுவது? பொட்டை எங்கே வைப்பார்களோ அங்கே வைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தால், நௌஷாத் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கருகிய தோலும் நெற்றுத் துணுக்கும்.

உளுந்தம்பொட்டு.*

* வெளியூர் வாசகர்களுக்கு: உளுந்தை அடித்துத் தூற்றியபின் மிஞ்சும் தோலையும் தூளையும் எங்கள் பக்கம் பொட்டு என்போம். மாடு ஆசையாகத் தின்னும். கூலருக்குள் போனால் ஜல்லடைக் கண்களை அடைத்துக்கொள்ளும், காற்றுப் போகாது. அவர் சொன்னது இந்தப் பொட்டை. நான் பதறியது அந்தப் பொட்டுக்கு.

அதற்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அண்ணனின் சின்ன மகள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தை, ஏன் ரெண்டு பொட்டு வச்சிருக்கீங்க?"

அண்ணி சிரித்தார். நௌஷாத் சிரிக்கவில்லை. என் நெற்றியைப் பார்த்தார், தன் உள்ளங்கையைப் பார்த்தார், திறந்திருந்த கதவு வழியே எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தார். அந்த மனிதருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கையை மூடி, உளுந்தம்பொட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நான் பேசுவேன் என்று காத்திருந்தார்.

நான் பேசவில்லை.

"என்னப்பா கோளாறு?" என்றான் அண்ணன்.

"ஆயில் சூடாயிடுச்சுண்ணே."

"ஆயில் மாத்துனது நீதானே? என்ன ஆயிலை ஊத்துன?" என்றபடி உள்ளே எட்டிப் பார்த்தான். "இந்த வெளக்கு எப்ப எரிஞ்சுது? நான் பாக்கவே இல்லையே! சர்வீஸ் பண்றேன்னு ஒயரையும் லூசா விட்டுட்டியா?"

நௌஷாத் இன்னொரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து கூலரைக் கழுவத் தொடங்கினார்.

[அண்ணே, அந்த இடத்தில் ஒரு பொட்டு இருந்ததே, உனக்கு ஏன்— இல்லை. இன்னும் இல்லை.]

7

வண்டி ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்தது. திருச்சியில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கியர்பெட்டியைப் பிரித்து, உள்ளே பிளேட்டுகள் எரிந்துவிட்டன என்றார்கள். எதனால் எரிந்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கூலரை நௌஷாத் அவ்வளவு சுத்தமாகக் கழுவியிருந்தார். என்னைக் காப்பாற்றியதும் அந்தக் கழுவல்தான், அவரைக் கெடுத்ததும் அதுதான். அண்ணன் தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, மஸ்கட்டுக்கு விமானம் ஏறுவதற்குமுன், நம் பக்கத்து வெளிநாட்டுக்காரர்கள் இருநூற்று நாற்பது பேர் இருக்கும் வாட்ஸாப் குழுவில் ஒரு வரி எழுதினான்:

"ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் நீடாமங்கலம் நௌஷாத்திடம் கொடுக்க வேண்டாம். என் அனுபவம்."

இரண்டு மாதம் ஆகிறது. அந்தப் பட்டறைக்கு ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்றுகூட வரவில்லை. போர்டைக் கழற்றிச் சுவரோரம், எழுத்து உள்பக்கமாக, சாத்திவைத்திருக்கிறார்.

8

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) அண்ணன் கதையைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். [அவனுக்கு அந்த வண்டி எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியாது.]

(ஆ) அண்ணன் இரண்டு வருஷம் என்னோடு பேசுவதில்லை. பொங்கலுக்குக்கூட— [எழுத முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. ஒரே அண்ணன்.]

(இ) நௌஷாத் கோயம்புத்தூரில் கடை போட்டுப் பெரிய ஆளாகிறார். [எனக்கு வசதியான முடிவு. அதனாலேயே வேண்டாம்.]

மூன்றும் தேறாமல், இன்று காலை பட்டறைக்கே போய்விட்டேன். ஆட்டோரிக்‌ஷா ஒன்றின் அடியிலிருந்து நௌஷாத் வெளியே வந்தார்.

"தம்பி, எல்லாத்தையும் கதையா எழுதிட்டேன். அண்ணனுக்கு அனுப்பப் போறேன்."

பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டேதான்க்கா இருந்தேன். நாளைக்குச் சொல்லுவாங்க, நாளைக்குச் சொல்லுவாங்கன்னு."

"தப்புதான் தம்பி. பயப்படாதீங்க, உங்க பேரை மாத்திட்டேன்."

"என்ன பேரு வச்சீங்க?"

"ஹம்தான்."

"அதை எடுத்துடுங்கக்கா" என்றார். "கெட்டது நௌஷாத் பேரு. ஹம்தான் பேரு நல்லா ஆகி எனக்கு என்ன ஆகப்போவுது?"

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக, ஹம்தான் என்று இருந்த எல்லா இடத்திலும் அடித்து நௌஷாத் என்று எழுதினேன். இந்தக் கதையில் மாற்றாத ஒரே பெயர் அதுதான்.

9

அண்ணே, இப்போது உன்னிடம்.

போனில் மூன்று தடவை சொல்ல முயன்றேன். உன் குரலைக் கேட்டதும் அங்கே வெயில் எப்படி என்று கேட்டுவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். உன் வண்டியை உளுந்தில் ஓட்டியவள் நான். விளக்கை மறைத்து, அதைக் கேட்டவரிடம் பொய்யும் சொன்னேன். எதையும் விடாத நீ, அந்தப் பொட்டு இருந்த இடத்தை மட்டும் நினைத்துப் பார்க்காமல் விட்டுவிட்டாய். தங்கச்சி என்றுதானே? அதுதான் என்னைத் தின்கிறது.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆடி நெல்லைத் தேடியதுபோல இதிலும் தப்புத் தேடு. கிடைக்காது, எல்லாம் நடந்தது.

முடிவை நான் எழுத முடியாது. அந்தக் குழுவில் நான் இல்லை. நீ எழுதிய வரியை இனி அழிக்கவும் முடியாதாம், நாள் கடந்துவிட்டது. அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதத்தான் முடியும், அதையும் நீதான் எழுத முடியும். நான் எத்தனை பக்கம் எழுதினாலும் அந்தப் போர்டு சுவரைப் பார்த்தபடியே நிற்கும்.

முதல் சொல்லை மட்டும் எழுதி, இடம் விட்டிருக்கிறேன்.

நௌஷாத் ______________________________